பெயருக்கு நடுவில் ஒரு சி

"உக்காருங்கம்மா, எஸ்.ஐ. மேடம் இப்ப வந்துருவாங்க" என்று அந்தப் பெண் போலீஸ் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிறது. அதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை, சைபர் கிரைம் ஸ்டேஷனில் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், என் கோபமெல்லாம் பிரவீன்குமார் மேல்தான். பிரவீன்குமார் என்பது அவன் பெயராகவே இருக்காது. என் பெயரைத் திருடிக்கொண்டு போனவன் தன் பெயரை மட்டும் எனக்கு ஒழுங்காகச் சொல்லிவிட்டா போயிருப்பான். எதிரே சுவரில் ஒரு போஸ்டர், கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் பேந்தப் பேந்த விழிக்கிறாள், மேலே 'ஓடிபி எண்ணை எவரிடமும் பகிராதீர்' என்று சிவப்பு எழுத்தில். வரைந்தவன் அவளுக்குப் புடவை கட்டிக் கொண்டையும் போட்டு வைத்திருக்கிறான். ஏன், பேண்ட் போட்ட ஆம்பிளைகள் யாரும் ஓடிபி சொல்வதே இல்லையா? எங்கள் தெருக்கோடி இன்ஜினீயர் கரண்ட் பில் என்று வந்த மெசேஜைத் தொட்டுவிட்டு இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை, அவரை ஏன் வரையவில்லை? இதே வாசகத்தை நானே எழுந்து நின்று படித்திருக்கிறேன், எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற அன்பியக் கூட்டத்தில், போன தவக்காலத்துக்கு முன்னால். "பேங்க்லேர்ந்து பேசுறேன்னு எவன் கூப்ட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, லூர்து வீட்டுச் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவர்களுக்கு இப்போது விஷயம் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாலே காது சுடுகிறது. தெரிந்திருக்கும். லூர்துக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அவன் ஓடிபி என்று சொல்லவே இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். 'திருத்த எண்' என்றான். யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு சொல்லுக்காகவே அவனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவளிடம் போய்த் திருத்தம் என்றால் அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? தமிழில் எனக்கு ஒரே பெயர்தான், ஆரோக்கியமேரி. ஆங்கிலத்தில் நான் மூன்று பேர். சர்வீஸ் புத்தகத்தில் ஆரோக்கியத்துக்கு நடுவில் சி கிடையாது, ஆதாரில் ஒரு சி உண்டு, பான் கார்டில் சியும் இருக்கிறது, கூடவே மேரி தனியாக விலகி நிற்கிறாள். இனிஷியல் இருக்கிறதே, அது தனிக் கூத்து. அப்பா சவரிமுத்துவுக்கு எஸ் போட்டுப் படித்தேன், அமல்ராஜைக் கட்டிக்கொண்டதும் ஏ ஆனேன், அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் பாதிக் காகிதத்தில் அப்பாவும் பாதிக் காகிதத்தில் புருஷனும். கேஸ் இணைப்பை என் பெயருக்கு மாற்றப் போனால் நீங்கள் யார் என்றார்கள். செல்போன் கடைக்காரன் நீங்கள் யார் என்றான். கண் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பெண், "ஆன்ட்டி, இது நீங்கதானா?" என்று கேட்டாள். பின்னே, என் வீட்டுப் பூனையா? எழுத்து ஒன்று கூடிவிட்டது என்றால் ஆள் மாறிப்போவாளா? இந்த நாட்டில் என் முகத்தை நம்புகிறவன் எவனும் இல்லை, எல்லோருக்கும் அந்த சிதான் வேண்டும். நோட்டரி, வாக்குமூலம், அரசிதழ் என்று அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தது மிச்சம், சி அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், இங்கே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதெல்லாம் ஞாபகம் வந்து தொலைக்கிறது. ஜூன் மாதம் சேர்க்கைக்கு வருகிற தாய்மார்களிடம் நான்தான் சொல்வேன், "பொறப்பு சர்ட்டிபிகேட்ல ஒண்ணு இருக்கு, ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்கு, மாத்திட்டு வாங்க." எங்கே போய் மாற்றுவது என்று அவர்கள் கேட்டால் அதைச் சொல்ல எனக்கு நேரம் இருக்காது. பீடிக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருத்தி மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு நடையாய் நடந்தாள், அவள் பெண்ணின் பெயரில் ஒரு எச் கூடுதலாக இருந்தது என்பதற்காக. மூன்றாம் நாள் அவள் என் மேஜை முன்னால் நின்று அழுதபோது கூட நான் பேனாவைத் தூக்கவில்லை, ரூல் அப்படி என்றேன். ரூல் அப்படித்தான் இருந்தது. அந்த எச்சை நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்குமா என்ன. பிரவீன்குமாருக்கு இது எப்படித் தெரிந்தது, ரூலுக்குப் பயந்தவளைத்தான் ரூலைக் காட்டி மடக்க முடியும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? திருட்டுப் பயல், எங்களை மாதிரி ஆட்களை நன்றாகப் படித்து வைத்திருக்கிறான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் கறை, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தேன். "வணக்கம்மா, ஆரோக்கியமேரி அம்மாங்களா?" என்றான். நடுவில் இருக்கிற 'க்கி'யை முழுசாக அழுத்தி, மேரியை ஒட்டி. போனில் கூப்பிடுகிற ஒருத்தரும் என் பெயரை அப்படிச் சொன்னதில்லை, ஆரோகியா என்பார்கள், மேரி மேடம் என்பார்கள், ஒருவன் ஆராக்கியா என்றுகூடச் சொன்னான். "பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து பிரவீன்குமார் பேசுறேன்மா, உங்க பேர்ல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. பென்ஷன் ரெக்கார்டுல நடுவுல சி இல்ல, ஆதார்ல சி இருக்கு. இந்த வருஷம் உயிரோட இருக்கீங்கன்னு குடுக்குற சர்ட்டிபிகேட் சிஸ்டத்துல ஏறாது. நீங்க எங்கயும் அலைய வேணாம், போன்லயே திருத்திக் குடுத்துடறோம்." அலைய வேண்டாம் என்று ஒருவன் சொல்லிவிட்டான். முப்பது வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் காத்திருந்த வார்த்தையை ஒரு திருடன் வந்து சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிக்காதீர்கள், வாழைப்பூக் கறை பட்ட கையால் துடைத்துக்கொண்டு, "நல்லா இருப்ப தம்பி" என்று வாழ்த்தினேன். வாயாரச் சொன்னேன். அந்த வாழ்த்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று யாராவது சொன்னால் தேவலை. அதற்குப் புகார் கொடுக்க இங்கே படிவம் இருக்காது.

பிறகு ஆதாரை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னான், பான் கார்டை அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். கடைசியில், "முகத்தைப் பதிவு பண்ணணும்மா, வீடியோவுல வாங்க" என்றான். நான் இருந்த கோலத்துக்கு அரை மணி நேரம் டைம் கேட்டேன், தாராளமா எடுத்துக்கங்கம்மா என்றான். முகம் கழுவி, தலை வாரி, பெரிய வெள்ளிக்கு மட்டும் வெளியே எடுக்கிற அரக்குக் கலர் புடவையைக் கட்டி, கவர்மெண்ட் ரெக்கார்டில் ஒரு தடவையாவது ஆள் மாதிரித் தெரியட்டுமே என்று உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். இடப்பக்கம் திரும்புங்கம்மா, வலப்பக்கம் திரும்புங்கம்மா, கண்ணைச் சிமிட்டுங்கம்மா. சிமிட்டினேன். அறுபத்தொரு வயதில் எவனோ ஒருவன் சொன்னான் என்று கண்ணைச் சிமிட்டியிருக்கிறேன், அதை நினைக்கும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது, மற்றதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு அந்தத் திருத்த எண் வந்தது. வந்த மெசேஜ் முழுக்க ஆங்கிலம், யாரிடமும் சொல்லாதே என்று அதிலேயே கீழே எழுதியிருந்ததாம், என் மகன் ஜெரால்டு அப்புறம் போனில் படித்துக் காட்டினான். கண்ணாடியைக் கழற்றி வைத்தவளுக்கு எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதைத்தானே அவன் கேட்டான். ஆறு எண், ஒரு தடவை சொன்னேன், சரியாக் கேக்கலம்மா என்றான், இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் போடுகிற மாதிரி. "முடிஞ்சுதும்மா, இனிமே உங்களுக்கு ஒரே பேர்தான்" என்றான். அன்றைக்கு வாழைப்பூ வடை சுட்டு லூர்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

எங்கிருந்து கிடைத்தது அவனுக்கு என் சி? அதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள், நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். என் ஆதார் நகல் இந்த ஊரில் எங்கெங்கே கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வேளாங்கண்ணியில் லாட்ஜில் ஒன்று, ஜெரால்டு கல்யாணத்துக்கு மண்டபத்தில் ஒன்று, சிம் வாங்கின கடையில் இரண்டு, முதல் நகல் கருப்பாக வந்துவிட்டது என்று இன்னொன்று கேட்டான், அந்தக் கருப்பு நகலை என்ன செய்தான்? ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் என் பெயர் போட்டு ஒரு ஃபைலே இருக்கிறது, நானே பார்த்தேன், ஏம்ப்பா இதை அழிக்கக் கூடாதா என்றால், "இருக்கட்டும்மா, அடுத்த தடவ வந்தா ஈசியா இருக்கும்" என்கிறான். ஒரு நாள் சாயங்காலம் போண்டா வாங்கிப் பிரித்தால் மடித்த காகிதத்தில் ஒரு ஆள் எண்ணெயில் ஊறிக்கொண்டு என்னைப் பார்க்கிறார், ஆதார் எண், விலாசம், பிறந்த தேதி எல்லாம் பளிச்சென்று. நான் என்ன செய்தேன்? போண்டாவைத் தின்றுவிட்டுக் கசக்கிப் போட்டேன். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகல் என்று ஒன்று இருக்கிறதாம், கைரேகையைக்கூடப் பூட்டி வைக்கலாமாம். ஜெரால்டு இப்போது வரிசையாகச் சொல்கிறான். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, களவு போன மறுநாள்தான் வாயைத் திறக்கிறார்கள். நான் முழு எண்ணையும் மறைத்து ஒரு நகலைக் கொண்டுபோய் நீட்டினால் லாட்ஜில் ரூம் கொடுப்பானா, "என்னம்மா இது, ஒழுங்கான காப்பி குடுங்க" என்றுதானே சொல்வான்? பூட்டச் சொல்கிறவர்களே திறந்து காட்டவும் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நாள் பேங்கில் என் கணக்கு நின்றது. கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க பேர்ல வேற பேங்க்ல ஒரு அக்கவுண்ட் இருக்கு மேடம். அதுல ஏமாத்துனதா புகார் வந்துருக்கு. அதனால உங்க பேர்ல இருக்கறது எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிருக்காங்க." பெயரில் சி இருக்கிறதா இல்லையா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லையே! நல்லதுக்கு என்றால் மூன்று பேர், கெட்டதுக்கு என்றால் மட்டும் மூன்று பேரும் ஒருத்தி. ஜெரால்டு ஓசூரிலிருந்து நேற்று வரை மூன்று தடவை பேசிவிட்டான். "அம்மா, நல்லாக் கேட்டுக்க. ஓடிபி சொன்னேன்னு ஸ்டேஷன்ல வாயத் திறந்துடாத. எனக்கு ஒண்ணும் தெரியாது, போன் ஹேக் ஆயிருச்சுன்னு மட்டும் சொல்லு. நீயா குடுத்தேன்னு தெரிஞ்சா நீயும் உடந்தைன்னு எழுதிருவாங்க. புரியுதா?" புரிகிறது. பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது, போன் ஹேக் ஆகிவிட்டது. நாக்கில் நன்றாகத்தான் வருகிறது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது என்றால் சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கு மட்டும் என்ன, ஊரில் எல்லோரும் உண்மையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்களா? ஆனால் சொன்னால் பிரவீன்குமாரே இல்லாமல் போய்விடுகிறான், அதுதான் இடிக்கிறது. அவன் குரல், செவ்வாய்க்கிழமை, அந்த வீடியோ, இரண்டாம் தடவை சொல்லச் சொன்னது எல்லாம் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நான் எனக்குத் தெரியாது என்றால் அவன் சட்டையில் ஒரு கறைகூட இல்லாமல் நடந்து போய்விடுவான்.

"ஏங்கக்கா, உங்களுக்கும் பணம் போச்சா?" பக்கத்தில் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை, நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் துணிப்பை, விடிகாலையில் கிளம்பி வந்த களைப்பு முகத்தில். பெயர் இந்திராணி, மணப்பாறைப் பக்கம் என்றாள். நான் ஆமாம் இல்லை என்று சொல்வதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள், அவளுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும். "எம்மக நர்சு படிச்சுட்டு சும்மா இருக்குதுக்கா. போன்ல வேலைன்னு வந்துச்சு, ஆஸ்பத்திரியில. பதிவுக்குக் கட்டுங்க, யூனிபாரத்துக்குக் கட்டுங்கன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாங்க. ஆடு ரெண்ட வித்தேன், காதுல கெடந்த தோட்ட வித்தேன். இப்ப அது வீட்டுல எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசமாட்டேங்குது. நான்தான் கட்டச் சொன்னேனாம். ஆமா, நான்தான் சொன்னேன்." நான் த்சோ என்றேன். மனசாரத்தான் சொன்னேன், அந்தப் பிரவீன்குமார்கள் எல்லோரும் ஒரே குட்டையில்தான் இருப்பார்கள். "எப்படிம்மா நம்புனீங்க, முன்ன பின்ன தெரியாத ஆளை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, இதே கேள்வியைக் கேட்டவர்கள் மேல்தான் நாலு நாளாக எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். அவள் கோபப்படவில்லை. "ஆம்பள பேசியிருந்தா கட்டியிருக்க மாட்டேன்க்கா. ஒரு பொம்பள படம் போட்டிருந்துச்சு, பெரிய மனுசி, பேரும் வேதக்காரவுக பேரு. மாதா கோயிலு, ஜெபம்னு இருக்கறவுக, பிள்ளைங்க வயித்துல அடிக்க மாட்டாகன்னு நெனச்சேன். களவாணி முண்ட. இந்த மூஞ்சியப் பாருங்க, இது ஏமாத்துற மூஞ்சியா?" என்று போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

அரக்குக் கலர் புடவை. இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நான். கண்ணாடி இல்லாத முகம் எனக்கே கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது, நல்ல வெளிச்சத்தில் நல்ல முகமாக, என் ஆயுசில் இவ்வளவு நன்றாக ஒரு படம் விழுந்ததில்லை. கீழே என் பெயர் தமிழில், ஒரு பிழை இல்லாமல். அதன் கீழே ஆள் சேர்க்கும் அதிகாரி என்று. பாவி, பாவி, என் பெரிய வெள்ளிப் புடவையைக் காட்டி இவள் ஆட்டைப் பிடுங்கியிருக்கிறானே. கண் ஆஸ்பத்திரியில் நம்பாத முகம், கேஸ் ஆபீசில் நம்பாத முகம், மணப்பாறைப் பக்கத்தில் ஒருத்தி பார்த்த உடனே நம்பியிருக்கிறாள், நம்பினதற்கு அவளுக்குக் கிடைத்தது இது. எழுந்து வெளியே போய்விடலாம், தண்ணீர் குடிக்கிற மாதிரி போய் அப்படியே பஸ் ஏறிவிடலாம், பழைய காட்டன் புடவையும் கண்ணாடியுமாக இருக்கிற என்னை இவளுக்கு எந்த ஜென்மத்திலும் அடையாளம் தெரியாது. எனக்கு ஒன்றும் தெரியாது, போன் ஹேக் ஆகிவிட்டது. அவள் இன்னும் என் முகத்தையே பார்க்கிறாள், நான் அந்தப் பொம்பளையைத் திட்டுவேன் என்று காத்திருக்கிறாள்.

"அது நான்தாம்மா" என்றேன். "என்னக்கா?" "அந்தப் படத்துல இருக்கறது நான். என் பேருதான் ஆரோக்கியமேரி." அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். அடுத்த நொடி என் மணிக்கட்டு அவள் கையில் இருந்தது. தூக்குவாளிக் காதைப் பிடிக்கிற பிடி. "மேடம்! ஓடியாங்க! இவதான் மேடம், இங்கனயே உக்காந்து எங்கிட்ட கதை கேக்குறா!" என்று போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பியில் இருந்த புறா பறந்தது. பெண் போலீஸ் ஓடி வந்தாள், உள்ளே எப்போதோ வந்துவிட்டிருந்த எஸ்.ஐ.யும் எட்டிப் பார்த்தார், சின்ன வயசுதான், என் மருமகள் வயசு. "மொதல்ல கைய விடுங்கம்மா" என்றார். "விடமாட்டேன் மேடம், விட்டா ஓடிருவா" என்றாள் இந்திராணி, அழுதுகொண்டே. எனக்கு வலித்தது. ஆனால் நாலு நாளாக இப்படி ஒரு கையைப் பிடிக்கத்தான் நானும் தவித்துக்கொண்டிருந்தேன், அவளுக்காவது ஒரு கை அகப்பட்டிருக்கிறது, தப்பான கை என்றாலும். "இருக்கட்டும் மேடம், பரவால்ல" என்றேன்.

அப்படியே இரண்டு பேருமாக உள்ளே போனோம், வாசலில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடிந்தது, அப்போதும் அவள் விடவில்லை. எஸ்.ஐ. ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நேரா விசயத்துக்கு வர்றேன்மா. ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா?" ஜெரால்டின் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் சொல் கிட்டத்தட்ட வெளியே வந்தே விட்டது. இந்திராணியின் கண்ணாடி வளையல் என் எலும்பில் அழுந்திக்கொண்டிருந்தது. "சொன்னேன்" என்றேன். "ஆறு நம்பரையும் சொன்னேன் மேடம், ரெண்டு தடவ சொன்னேன். ஓடிபின்னு அவன் கேக்கல, திருத்த எண்ணுன்னு கேட்டான். செவ்வாக்கெழமை, காலைல பதினோரு மணி. எம்மூஞ்சிய வீடியோவுல எடுத்தான். அதத்தான் இவங்களுக்குக் காட்டியிருக்கான். கண்ணச் சிமிட்டச் சொன்னான், சிமிட்டுனேன். என்னை உடந்தைன்னு எழுதணும்னா எழுதிக்குங்க, ஆனா அவன் பேசுனது அத்தனையும் எழுதுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க!" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்காத அளவுக்கு ஏறிவிட்டது, மேஜையில் தட்டிக்கூட விட்டேன் போல, பேனா உருண்டது. எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். "எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சு?" என்றார். சொன்னேன், அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் சேர்த்து மூச்சு விடாமல் கொட்டினேன். மணிக்கட்டில் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"மெதுவாச் சொல்லுங்கக்கா, அவுக எழுதட்டும்" என்றாள் இந்திராணி. கையை மட்டும் விடவில்லை.